வில்லில் ஏற்றிய கை

நான் செய்த வில் ஒன்றை எத்தனையோ ஊர்களில் முகம் தெரியாத பேர்கள் தினமும் வளைக்கிறார்கள். வளைக்கும்போது திரையில் தெரியும் கை நடுங்கும். அந்த நடுக்கம் என் அப்பாவுடையது. எங்கள் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிடுவோம். அப்பச்சியைக் கேட்காமல்தான் அதை எடுத்தேன். திருட்டு என்று சொல்லிவிட்டுப் போகிறேன். இதற்கு வேறு நல்ல வார்த்தை தேடி நான் எழுத உட்காரவில்லை.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி. அரக்கர்களும் மாயக் காடுகளும் கொண்ட ஆன்லைன் கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அதில் வில் என் பொறுப்பு. ஆட வருபவர் வில்லை எப்படிச் செய்துகொள்வார், எப்படி வளைப்பார், அம்பு எங்கே போகும், எதனால் தவறும் என்று அத்தனையும் நான் தீர்மானிக்க வேண்டும். அலுவலகத்துக்கு மாதம் ஒருமுறை தலையைக் காட்டினால் போதும் என்பதால், திருமயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டின் மாடி அறையில் கம்ப்யூட்டரைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பங்காளி வீட்டு ஆச்சி ஒருவர் ஆத்தாவிடம், "ஒம் மகன் வில்லுச் செய்யிறானாமே, யாரு வாங்குறாக?" என்று கேட்டார். ஆத்தாவுக்கும் தெரியாது. "மெட்ராஸ்ல வாங்குறாக ஆச்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டது.

வில் செய்யும் பகுதி நன்றாகவே வந்தது. கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் சொல்கிறேன். காட்டில் மரம் தேட வேண்டும், வெட்டியதைக் காயவைக்க வேண்டும். ஈரம் போகுமுன் நாண் ஏற்றினால் வில் விறைப்பில்லாமல் தொய்ந்துவிடும். மேல்பாதியையும் கீழ்பாதியையும் சமமாகச் சீவ வேண்டும். ஒரு பக்கம் கனத்துவிட்டால் அம்பு ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கமே சாயும். அவசரக்காரன் செய்த வில் முதல் இழுப்பிலேயே முறியும். இதையெல்லாம் சரிபார்ப்பதற்காகக் கொல்லையில் ஒரு மூங்கிலை வெட்டி நானே ஒரு வில் செய்து பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த அப்பச்சி, "ஏன்டா, அது வில்லா, கொடைக் கம்பியா?" என்றார். அப்போதெல்லாம் அவர் என்னைக் கேலி செய்வார்.

கோளாறு எய்வதில் இருந்தது. எங்கள் டீம் லீட் சென்னைக்காரர், என்னைவிட வயதில் மூத்த பெண், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். ஒரு நாள் மீட்டிங்கில், "வில்லு செய்யறப்போ உயிர் இருக்கு. எய்யறப்போ செத்துப்போவுது. வளைச்சுப் பிடிச்சா கை நடுங்க வேணாமா?" என்றார். சரி என்று நடுக்கம் ஒன்றை எழுதிப் போட்டேன். கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு எண்களை உருட்டிப் போடும், கை அதற்கேற்ப அசையும். பார்த்துவிட்டு, "கையில கொசு மொய்க்கிற மாதிரி இருக்கு" என்றார். இரண்டு வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கொசு பெரிதானது, சிறிதானது, போகவில்லை. எரிச்சலில் சோறுகூட இறங்காமல் மாடிக்கும் கீழுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

அப்படி ஒரு காலையில் கீழே இறங்கியபோது அப்பச்சி காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் திருச்சியில் பேனாவும் நோட்டும் விற்கும் கடை வைத்திருந்தவர். கடை சின்னது, அவருடைய கையெழுத்து பெரியது. பெயரை எழுதிவிட்டு, பேனாவை எடுக்காமல் அடியில் ஒரே இழுப்பில் ஒரு நீளக் கோடு இழுப்பார். ஸ்கேல் வைத்தாலும் அவ்வளவு நேராக வராது. பாங்கில் அந்தக் கோட்டைப் பார்த்தே ஆளைச் சொல்வார்கள். சில வருடங்களுக்கு முன் கை நடுங்கத் தொடங்கியது. கால் வலிக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக் கடையை மூடிவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். கால் அவருக்கு வலித்ததே இல்லை.

புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். நன்றாகப் பேசுகிறவர். "பயப்படுற வியாதி இல்லைங்க இது. கை சும்மா கெடந்தா நடுங்காது. ஒண்ணை எடுக்கையில, எழுதையில நடுங்கும். பத்துப் பேரு பார்த்தாக் கூடும். பாக்குறாங்கன்னு நெனச்சாலே கூடும்" என்றார். மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பச்சி கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "கோடு போட முடியுமாடா எனக்கு?"

கேட்டதற்குக் காரணம் இருந்தது. தங்கைக்கு மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. எங்கள் கல்யாணங்களில் இசைகுடிமானம் என்று ஒரு தாள் எழுதுவோம். இன்னார் மகளை இன்னார் மகனுக்குக் கொடுக்கச் சம்மதம் என்று எழுதி, கூடியிருக்கிற சனத்துக்கு முன்னால் வாசித்து, இரண்டு வீட்டுத் தகப்பன்மார்களும் கையெழுத்துப் போட்டால்தான் கல்யாணம் கல்யாணமாகும். பத்துப் பேர் என்ன, ஊரே பார்க்கும். ஆத்தாவுக்கு வேறு பயம். "மாப்பிள்ள வீட்டுக்கு இது தெரியப்படாது. பரம்பரை அது இதும்பாக. நல்ல எடம், கெடுத்துராதீக" என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தது. அதனால் அப்பச்சி தினமும் காலையில், கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கையெழுத்துப் பழகினார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்தப் பக்கம் போகமாட்டோம்.

இத்தனையும் தெரிந்த நான்தான், அன்றைக்குக் காலையில் அந்தக் காப்பி டம்ளரைப் பார்த்தபோது, அட, நான் தேடிய கை இதுதானே என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, சந்தோஷப்பட்டேன்.

"புது போன்ல வீடியோ எப்படி விழுதுன்னு பாக்குறேன் அப்பச்சி. நீங்க பாட்டுக்குக் குடிங்க" என்றேன்.

"இருடா, துண்டைச் சரி பண்ணிக்கிறேன்" என்று தோளில் கிடந்ததை மடித்துப் போட்டுக்கொண்டார். கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கிறேன் என்று நினைத்திருப்பார் போல. டம்ளரை எடுத்தார். நான் பக்கத்தில் போய், முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் எடுத்தேன்.

மாடிக்கு வந்து அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். படத்தில் அவர் மோதிரத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி, விரல் முட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, அவை போகும் வழியைக் கோடாக இழுத்தேன். ஒரு விநாடிக்கு ஆறு ஆட்டம். டம்ளரைத் தூக்கும்போது சிறிதாகத் தொடங்கி, உதட்டை நெருங்க நெருங்கப் பெரிதாகிறது. நடுவில் ஒரு கணம் நடுக்கம் நின்றுபோகிறது. அவர் மூச்சைப் பிடித்து அதை அடக்கும் இடம் அது. அடக்கியதும் முன்னைவிடப் பெரிதாக ஒன்று வருகிறது. எந்தக் கம்ப்யூட்டரும் தானாக உருட்டிப் போட முடியாத எண்கள். அப்படியே வில்லில் ஏற்றினேன். குறி எதிரியின் மார்பை நெருங்கும்போது கை கூடுதலாக ஆடும். மூச்சைப் பிடித்தால் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தில் விட்டால் அம்பு தப்பாது. டாக்டர் சொன்னதையும் விடவில்லை. அரக்கன் உங்களைப் பார்த்துவிட்டால் நடுக்கம் இரண்டு மடங்கு. மறைவில் நின்று எய்தால் கை சொன்னபடி கேட்கும்.

ஆடிப் பார்த்தவர்கள் கொண்டாடிவிட்டார்கள். டீம் லீட், "இப்பத்தாங்க பயமா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

அடுத்த வாரம் மீட்டிங்கில் இதை எப்படிச் செய்தேன் என்று மற்றவர்களுக்குக் காட்டச் சொன்னார்கள். பகல் பதினொரு மணி இருக்கும். காதுமாட்டி காதை உறுத்தியதால் ஸ்பீக்கரில்தான் பேசிக்கொண்டிருந்தேன். என் திரையை எல்லோருக்கும் தெரியும்படி வைத்து வீடியோவை ஓடவிட்டேன். கை டம்ளரைத் தூக்கும், உதடு வரைக்கும் போகும், மறுபடி முதலிலிருந்து தூக்கும். நிறுத்தினாலொழிய நிற்காது. ஒருத்தன், "இந்தத் தாத்தா எதுக்குடா வில்லு? காப்பியை மேல கொட்டியே அரக்கனைச் சாவடிச்சிருவாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களுக்கு அது யார் கை என்று தெரியாது. எனக்குத் தெரியும். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? சபை களைகட்டுகிறதே என்ற தெனாவெட்டில், "இப்ப விநாடிக்கு ஆறு. கல்யாணத்துல கையெழுத்துப் போடுறப்போ எட்டுக்கு எகிறும் பாருங்க" என்றேன்.

அந்த நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும்.

சிரிப்பு ஓய்ந்தபோது பின்னால் ஏதோ அரவம் கேட்டுத் திரும்பினேன். அப்பச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் கல்யாணப் பத்திரிகையின் அச்சுப் பிரதி. எழுத்துப்பிழை பார்க்க என்னிடம் கொண்டுவந்திருக்கிறார். திரையில் அவர் கை, முழுத் திரைக்கும் பெரிதாக, சிவப்புப் புள்ளிகளோடு, டம்ளரைத் தூக்கிக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தப் பார்த்தேன். பதற்றத்தில் எந்தப் பட்டன் என்றே தெரியவில்லை. அவர் இரண்டு மூன்று தடவை அது தூக்குவதைப் பார்த்தார்.

"மோதிரம் நல்லாத் தெரியுது" என்றார்.

பிறகு பத்திரிகையை என் மேசையில் வைத்தார். "இதுல எழுத்து எதுவும் தப்பா இருக்கான்னு பாரு" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார். ஸ்பீக்கரில் யாரோ, "ஹலோ, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து அவர் என் கண்ணெதிரே எதையும் கையில் எடுக்கவில்லை. நான் வந்தால் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். பேப்பரைக் கையில் பிடிக்காமல் மேசையில் விரித்துப் படிப்பார். சாப்பிடும்போது நான் உட்கார்ந்தால், "எனக்குப் பசிக்கல, நீ சாப்பிடு" என்று எழுந்துபோவார். வலது கை எப்போதும் துண்டுக்குள் இருந்தது. திட்டவில்லை, கத்தவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு எதையாவது சொல்லிச் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

ஆத்தா அடுப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டது. "என்னடா செஞ்சே அவுகள? காப்பி கொண்டு போனா, 'வச்சிட்டு அங்கிட்டுப் போ'ங்குறாக. எழுதிப் பழகுன தாளு பூராத்தையும் வெந்நி அடுப்புல போட்டுட்டாக. பெரியப்பாவக் கையெழுத்துப் போடச் சொல்லப் போறாகளாம். தகப்பன் உசுரோட குத்துக்கல்லாட்டம் இருக்கையில பெரியப்பன் எதுக்குடா போடணும்? ஊரு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

நான் நடந்ததைச் சொன்னேன். கேம், வில், மீட்டிங் எதுவும் ஆத்தாவுக்குப் புரியவில்லை. பெத்த தகப்பன் கையைக் காட்டிச் சபையில் சிரித்தேன் என்பது மட்டும் புரிந்தது.

தங்கைக்கு எல்லாமே புரிந்தது. அவள் அந்தக் கேமைப் பற்றி என்னிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துவைத்திருப்பவள். மாடிக்கு ஏறி வந்தாள். "அண்ணே, ஒன் வில்லைக் கொண்டுபோயிக் கொல்லையில போட்டு எரி. எனக்கு அதப்பத்திக் கவலை இல்ல. எங் கல்யாணத்துல எங்க அப்பச்சி கையெழுத்து வேணும். பெரியப்பா கையெழுத்தோட நான் போகமாட்டேன்" என்றாள். சொல்லும்போது அழவில்லை. கீழே போய் அழுதாள், மாடிக்குக் கேட்டது.

அன்று சாயங்காலம் அப்பச்சியிடம் போனேன். பேப்பரை விரித்துக் குனிந்திருந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் அப்பச்சி."

"என்ன தப்பு? ஒன் வேலைக்கு ஆச்சுல்ல?"

நான் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவரே கேட்டார். "ஆறுன்னு சொன்னியே, அது கூடவா, கொறச்சலா?"

நான் ஒரு மடையன். இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்றுகூடத் தெரியாமல், "நடுத்தரம் அப்பச்சி, சில பேருக்கு அதுக்கு மேலயும் இருக்கும்" என்று விளக்கத் தொடங்கினேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "அத்தனை வருசம் பேனாக் கடை வச்சிருந்தேன். எழுதிப் பாத்து வாங்குங்கன்னு எல்லார் கையிலயும் பேனாவக் குடுத்திருக்கேன். பேரு எழுதத் தெரியாம கிறுக்கினவுக எத்தனையோ பேரு. ஒருத்தர் எழுத்தைப் பாத்தும் நான் சிரிச்சதில்லடா."

பேப்பரின் அடுத்த பக்கத்தை இடது கையால் திருப்பினார்.

நான் டீம் லீடுக்குப் போன் செய்து அந்த நடுக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்றேன். காரணத்தையும் சொன்னேன். "உங்க அப்பா கைன்னு தெரியாதுங்க. மன்னிச்சிருங்க, நானும்தான் சிரிச்சேன். தாராளமா எடுங்க. ஆனா அதுக்கு மாத்தா ஒண்ணு குடுத்துட்டு எடுங்க, கேம் வெளிய போற தேதி வந்தாச்சு" என்றார். நியாயமான பேச்சு. என்னை யாரும் எதற்கும் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மாற்றாக என் கையையே கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். வாளி நிறையத் தண்ணீரைப் பிடித்துக் கையை நீட்டிக்கொண்டு கொல்லையில் நின்றேன். தோள் கடுத்து, கை வெடவெடவென்று ஆடத் தொடங்கியதும் கீழே வைத்துவிட்டு ஒரு டம்ளரைத் தூக்கி, அதை வீடியோ எடுத்தேன். என் நடுக்கம் வெறும் களைப்பு. அடக்கப் பார்ப்பதும், அடங்காமல் போவதும், யாரும் பார்த்துவிட்டார்களா என்ற தவிப்பும் அதில் இல்லை. வில்லில் ஏற்றிப் பார்த்தேன். மூட்டை தூக்கிக் களைத்தவன் எய்வது போல இருந்தது. சரிதான், போதும் என்று அதையே வைத்து அனுப்பினேன்.

அனுப்பிவிட்டுக் கீழே போய், "எடுத்துட்டேன் அப்பச்சி. இப்ப அதுல இருக்கிறது என் கை" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு முகத்தைப் பார்த்தார். "ஒன் கை எதுக்குடா நடுங்குது?" என்று கேட்டார். வாளி விஷயத்தைச் சொன்னேன். லேசாகச் சிரித்தார். மறுநாள் காலையில் கிழித்த காலண்டர் தாளும் பேனாவும் மறுபடி மேசைக்கு வந்தன. பெரியப்பா பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. தங்கை எனக்குத் தோசை வார்த்துப் போட்டாள்.

கேம் வெளியே போவதற்கு முந்தின நாள், கடைசியாக ஒருமுறை இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி வில்லில் போட்டுப் பார்த்தேன். முதலில் என் கை, பிறகு அப்பச்சி கை. மறுபடியும் என் கை, மறுபடியும் அப்பச்சி கை. வித்தியாசம் எந்தக் குருடனுக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் அப்பச்சி கையைத் திரும்பப் போட்டேன். அது நன்றாக இருந்தது. வேறு காரணம் என்னிடம் இல்லை. கேமை ஆடிவிட்டு வில்லைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அந்த நடுக்கத்தைத்தான் புகழ்ந்தார்கள். அப்பச்சிக்கு இன்றுவரை தெரியாது.

கல்யாணம் எங்கள் வீட்டிலேயே நடந்தது. இசைகுடிமானம் எழுதுகிறவர் ஜமுக்காளத்தில் சாய்வுப் பெட்டியை வைத்து உட்கார்ந்தார். சுற்றி இரண்டு வீட்டுச் சனமும் நெருக்கியடித்து நின்றது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எழுதி முடித்து உரக்க வாசித்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் வாங்கிச் சட்டென்று கிறுக்கிவிட்டுப் பேனாவை நீட்டினார். அப்பச்சி அந்தப் பேனாவை வாங்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து, கடையில் விற்காமல் எடுத்து வைத்துக்கொண்ட மைப்பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். துண்டு தோளில் இருந்தது. கை வெளியே இருந்தது. நான் அவருக்கு நேர் எதிரே நின்றேன். தங்கை மணப்பெண் கோலத்தில் கதவோரம் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

தாளில் பேனாவை வைக்கப் போனவர் தலையைத் தூக்கினார். அத்தனை பேர் நின்றும் அவர் கண் தேடி வந்தது என்னைத்தான்.

"தம்பி, நீ செத்த அங்கிட்டுப் போயி பந்தி என்னாச்சுன்னு பாத்துட்டு வா" என்றார்.

பந்தி போடுவதைப் பார்க்க ஆள் இருந்தது. எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அது கல்யாண வீட்டுப் பேச்சாகவே எல்லோர் காதிலும் விழுந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் விலகி எனக்கு வழிகூட விட்டார். நான் நடந்து, சமையலும் பந்தியும் நடக்கிற உள்முற்றமான இரண்டாங்கட்டுக்குப் போய், ஒரு தூணுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றேன். ஊரே பார்க்கலாம், முகம் தெரியாத பந்திக்காரன் பார்க்கலாம், நான் மட்டும் பார்க்கக்கூடாது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். இலை போடுகிற பையன்கள் அடுப்புப் புகைதான் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். முன்பக்கத்திலிருந்து மேளச் சத்தம் எழுந்தபோது போட்டுவிட்டார் என்று தெரிந்தது.

ஆத்தா ஓடி வந்து என் தோளைப் பிடித்தது. "போட்டுட்டாகடா! அவுக கையால அவுகளே போட்டாக. கோடுங்கூட இழுத்தாக. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல" என்று அழுதுகொண்டே சிரித்தது. எங்கள் வீட்டுப் பிரதியை என் கையில் கொடுத்து, உள்ளறைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொல்லிச் சாவியையும் கொடுத்துவிட்டு ஓடிவிட்டது.

உள்ளறையில் யாருமில்லை. பெட்டியைத் திறந்தேன். வைப்பதற்கு முன் தாளைப் பிரித்தேன். பெயர் தெளிவாகவே இருந்தது. அடியில் அந்தக் கோடு, பெயரின் நீளத்துக்கும் மேலாக, பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் போயிருந்தது. போகும் வழியெல்லாம் மேலும் கீழுமாகச் சின்னச் சின்ன வளைவுகள். முதலில் சந்தோஷம்தான் வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் என் கண் அந்தக் கோட்டின் தொடக்கத்துக்குப் போய், ஒவ்வொரு வளைவாக நகர ஆரம்பித்துவிட்டது. நான் ஏவவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று உதடு அசைந்தது எனக்கே தெரியவில்லை.

"எத்தனை?"

அப்பச்சி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பட்டு வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, வலது கை துண்டுக்குள்.

இல்லை, எண்ணவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஒம்பது" என்று வந்துவிட்டது.

"பதினொண்ணு" என்றார். குரலில் கோபம் இல்லை. "கடைசியில ரெண்டு பொடிசா இருக்கும், நீ விட்டிருப்பே. போடும்போதே நான் எண்ணிட்டேன். ஒன்ன அங்கிட்டுப் போகச் சொல்லியும் எண்ணிக்கிட்டேதான் போட்டேன். அதுக்கு முன்னாடி தங்கச்சி பேரை வாசிச்சாகளே, இன்னார் மகள்னு, அப்பவே மனசு இந்தக் கணக்குல போயிருச்சு, அதக்கூட நான் காதுல வாங்கலடா."

துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்து என்னிடமிருந்து தாளை வாங்கினார். மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். சாவியை வாங்கிப் பூட்டில் வைத்தார். சாவி பூட்டின் மேல் தட்டிக்கொண்டே இருந்தது, துவாரத்தில் போய் விழவில்லை. நான் எண்ணாமல் இருப்பதற்காகச் சுவர் பக்கம் திரும்பி நின்றேன். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.